பெரும்பயணத்துக்குப் புறப்பட்ட தாள்

சிவப்பு அங்கி அணிந்த ஒருவர் நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். எதிரே வெறும் சமவெளி. இருபக்கமும் சைப்ரஸ் மரங்கள். நடுவில் ஒரு பாதை தொலைவுக்குப் போகப் போகச் சிறுத்து மறைகிறது. தாளின் உயரம் ஏறத்தாழ 33 சென்டிமீட்டர், அகலம் 26. தாந்தேயின் ‘டிவைன் காமெடி’யில் நரகப் பகுதியின் முதல் காண்டத்துக்காகச் சல்வடோர் டாலி வரைந்த படம் இது. ‘பெரும்பயணத்துக்குப் புறப்பாடு’ என்று பெயர். படத்தில் இருப்பவரைப் போலவே படம் அச்சான தாளும் நெடுந்தூரம் நடந்திருக்கிறது. ரோமின் அரசு அலுவலகத்தில் பிறந்த ஒரு யோசனை, பாரிஸின் அச்சுக்கூடங்கள் வழியாக உலகெங்கும் வீட்டுச் சுவர்களுக்குப் போய்ச் சேர்ந்த கதை அது.

சர்ரியலிச அச்சோவியம் ஒன்றாவது சொந்தமாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் பெரும்பாலும் முதலில் வந்து நிற்பது ‘டிவைன் காமெடி’க்காக டாலி வரைந்த நூறு படங்களின் முன்புதான். மாக்ஸ் எர்ன்ஸ்டின் ஆரம்பகால அச்சுகளும், 1934இல் ‘மால்டொரோர்’ நூலுக்காக டாலி செய்த தாமிரத் தகட்டு ஓவியங்களும் சாதாரணச் சம்பளக்காரர் கைக்கு எட்டாதவை. டிவைன் காமெடித் தாள் ஒன்று பொதுவாகச் சில நூறு டாலருக்குள் கிடைத்துவிடும். மலிவாகவும் நிறையவும் கிடைக்கும் பொருளைச் சுற்றித்தான் பொய்யும் செழிக்கிறது. அதனால் வாங்குவதற்கு முன்பு அதன் பூர்வீகத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தாந்தே 1265இல் பிறந்தவர். எழுநூறாவது ஆண்டு நிறைவு 1965இல் வரவிருந்தது. அதற்கென ஒரு சிறப்புப் பதிப்பு கொண்டுவர எண்ணிய இத்தாலிய அரசு 1950வாக்கில் டாலியை அழைத்து, காண்டத்துக்கு ஒன்றாக நூறு படம் வரைந்து தரச் சொன்னது. பிரெட்டனின் சர்ரியலிசக் குழு அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே டாலியை ஒதுக்கிவிட்டிருந்தது. அவரும் கத்தோலிக்கச் சமயத்தையும் அணு இயற்பியலையும் ஒன்றாகக் கலந்து பேசத் தொடங்கியிருந்த காலம் அது. ஆனாலும் கை மாறவில்லை. உருகி வழியும் உடல், ஊன்றுகோல் கொடுத்து நிறுத்திய தசை, உடம்பிலிருந்து இழுப்பறைகள் திறந்து நிற்கும் தேவதை என்று முப்பதுகளின் டாலி முழுவதும் இந்த நீர்வண்ண ஓவியங்களில் இருக்கிறார்.

இத்தாலியில் கொந்தளிப்பு கிளம்பியது. தேசத்தின் மகாகவிக்குப் படம் வரைய ஒரு ஸ்பானியரா, அதுவும் இந்த மனிதரா என்று கேட்டார்கள். கம்பனுக்குப் படம் வரையும் பொறுப்பை நம் அரசு ஒரு வெளிநாட்டு ஓவியரிடம் கொடுத்தால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பார்த்தால் அந்தக் கோபம் புரியும். 1954இல் ரோமில் நடந்த டாலி கண்காட்சியில் நீர்வண்ணங்கள் மக்கள் பார்வைக்கு வந்தன. எதிர்ப்பு அடங்கவில்லை. அரசு பின்வாங்கியது. படங்கள் டாலியிடமே தங்கின.

அங்கேயே முடிந்திருக்க வேண்டிய கதையை நகர்த்தியவர் பாரிஸ் பதிப்பாளர் ழோசஃப் ஃபோரே. துணிச்சலான ஆள். ‘டான் கிஹோட்டே’ நூலுக்கு லித்தோகிராஃப் செய்ய டாலியைச் சம்மதிக்க வைத்தவர் அவர். பழங்காலத் துப்பாக்கியில் மை நிரப்பி லித்தோ கல்லின் மேல் டாலி சுட்டு, சிதறிய கறையிலிருந்து உருவங்களை எழுப்பியது அந்த நூலுக்காகத்தான். அது 1957இல் வெளிவந்தது. தாந்தே படங்களையும் ஃபோரே கையிலெடுத்தார். பின்பு பொறுப்பு லெஸ் ஏர் க்ளேர் என்ற பதிப்பகத்துக்குப் போனது. 1960இல் பாரிஸின் கலியேரா அருங்காட்சியகத்தில் நீர்வண்ணங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. அச்சு வேலையும் தொடங்கியது.

இந்தத் தாளின் வாழ்க்கையில் எனக்கு மிகப் பிடித்த கட்டம் இதுதான். வியாபாரிகள் அதிகம் சொல்லாமல் விட்டுவிடுவதும் இதைத்தான்.

நீர்வண்ணம் என்பது தண்ணீரின் போக்குக்கு விட்டுப் பிடிக்கும் வேலை. ஒரு சொட்டு பரவி, ஓரம் கட்டி, நடுவில் வெளுத்துப் போகும். அதைக் கட்டையில் செதுக்கி அச்சாக மாற்ற வேண்டும். ரேமோன் ழாக்கே என்ற செதுக்குக் கலைஞரும் ழான் தாரிக்கோ என்பவரும் அந்த வேலையை ஏற்றார்கள். ஒவ்வொரு படத்தையும் நிறம் நிறமாகப் பிரித்து, நிறத்துக்குள் அடர்த்தி அடர்த்தியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டை செதுக்கினார்கள். நூறு படத்துக்கும் சேர்த்து 3,500 கட்டைகள். சராசரியாக ஒரு தாள் 35 முறை அச்சின் கீழ் போய் வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் முந்திய நிறத்தின் மேல் மயிரிழை பிசகாமல் உட்கார வேண்டும். பிசகினால் அதுவரை ஏறிய நிறமெல்லாம் வீண். பிரெஞ்சுப் பதிப்பு மட்டும் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிகள். நாலாயிரம் என்று குறைத்து வைத்துக் கணக்குப் போட்டாலும் 1 கோடியே 40 லட்சம் முறை தாள் கட்டையைத் தொட்டிருக்கிறது. 1960களின் முதல் பாதி வரை நீண்ட வேலை. முடிந்ததும் கட்டைகளை அழித்துவிட்டார்கள், மறுபடி யாரும் அச்சடிக்கக் கூடாது என்பதற்காக.

சிறப்புப் பிரதிகள் சிலவற்றோடு நிறங்கள் படிப்படியாக ஏறுவதைக் காட்டும் தாள்களையும் சேர்த்துக் கொடுத்தார்கள். முதல் தாளில் மஞ்சள் நிழல் மட்டும் இருக்கும். அடுத்ததில் அதன் மேல் ஒரு சாம்பல். அப்படியே போய்க் கடைசியில் முழுப் படம் தெரியும். எப்போதாவது இந்தத் தாள்கள் விற்பனைக்கு வந்தால் வாங்காவிட்டாலும் பாருங்கள். அச்சோவியம் என்றால் என்ன என்பதை எந்தப் புத்தகத்தையும் விடத் தெளிவாகச் சொல்லிவிடும்.

இங்கே ஒரு வழக்கு உண்டு. கட்டையைச் செதுக்கியது டாலி இல்லையே, பிறகு எப்படி இது டாலியின் அச்சோவியம் ஆகும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாயும் பொதுவாகத் தன் கட்டைகளைத் தானே செதுக்கியதில்லை. செதுக்க ஒருவர், அச்சடிக்க ஒருவர் என்பது ஜப்பானிய மரபு. டாலியின் ஒப்புதலோடு, டாலியின் படத்திலிருந்து, அந்தப் பதிப்புக்கென்றே செய்த வேலை இது. ழாக்கேயின் பெயரையும் சேர்த்துச் சொல்லி விற்கும் கடையே நேர்மையான கடை என்பது என் கட்சி.

இதற்கு நேர் எதிர்த் திசையில் அதே பாரிஸில் ஒருவர் உழைத்துக்கொண்டிருந்தார். ஆந்திரத்தின் சித்தூர்ப் பக்கத்திலிருந்து போன கிருஷ்ணா ரெட்டி. 1940களின் கடைசியில் சென்னை அடையாற்றுக் கலாக்ஷேத்திராவில் ஓவியப் பிரிவை நடத்தியவர். பிற்பாடு ஸ்டான்லி வில்லியம் ஹெய்ட்டரின் ‘அத்தெலியே 17’ பட்டறையில் சேர்ந்து அதன் இணை இயக்குநராகவும் ஆனார். மிரோ, எர்ன்ஸ்ட், மஸோன் ஆகிய சர்ரியலிச ஓவியர்கள் வேலை செய்த பட்டறை அது. மையின் பிசுபிசுப்பைக் கூட்டியும் குறைத்தும் ஒரே தகட்டில் பல நிறங்களை ஏற்றி ஒரே அழுத்தத்தில் அச்செடுக்கும் முறையை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் ரெட்டி. ழாக்கே 35 கட்டையில் செய்ததை ஒரே தகட்டில் அடைய முயன்றார் என்று சொல்லலாம். சர்ரியலிச அச்சின் வரலாற்றில் அடையாற்றுக்கு இப்படியொரு உறவு இருப்பது நம்மவர்களில் பலருக்குத் தெரியாது.

தாளுக்குத் திரும்புவோம். பிரெஞ்சு ஓவிய நூல் மரபில் புத்தகத்தைத் தைப்பதில்லை, பசை போடுவதில்லை. மடித்த தாள்களை அப்படியே உறைக்குள் அடுக்கிக் கொடுப்பார்கள். டிவைன் காமெடி ஆறு தொகுதிகளாக அப்படித்தான் வந்தது. நரகத்துக்கு இரண்டு, கழுவாய் உலகுக்கு இரண்டு, சொர்க்கத்துக்கு இரண்டு. அதே படங்களோடு இத்தாலியப் பதிப்பும் வந்தது. தைக்காத புத்தகத்தைப் பிரிக்கக் கத்தி தேவையில்லை. ஆறு தொகுதியையும் மொத்தமாக ஒருவருக்கு விற்பதைவிட, நூறு படத்தையும் நூறு பேருக்குச் சட்டம் போட்டு விற்பதில் லாபம் பலமடங்கு. இப்படித்தான் தாள் புத்தகத்திலிருந்து பிரிந்து சுவருக்கு வந்தது.

சுவருக்கு வந்த தாளுக்கு ஒரு குறை தெரிந்தது. புத்தகத்துக்குள் இருந்தவரை அதில் ஓவியர் தனியாகப் பென்சிலில் கையெழுத்திட வேண்டிய அவசியமே இருந்ததில்லை. படத்தோடு சேர்ந்து அச்சான கையெழுத்தே போதுமானதாக இருந்தது. சட்டத்துக்குள் போனதும் வாங்க வந்தவர்கள் கீழ் ஓரத்தில் பென்சில் கையெழுத்தைத் தேடினார்கள். சந்தை, கேட்டதைக் கொடுத்தது. சாதாரணப் பிரதியிலிருந்து பிரிந்த தாள்களில் பென்சிலால் ‘டாலி’ என்று யார் யாரோ எழுதினார்கள். அந்தக் கையெழுத்து விலையை உயர்த்தியது. இன்றும் உயர்த்துகிறது.

டாலியும் இதற்கு ஒரு காரணம். அதைச் சொல்லாமல் போவது நியாயமாகாது. 1960களின் நடுவிலிருந்து அவர் வெற்றுத் தாள்களில் கையெழுத்திட்டுக் கொடுக்கத் தொடங்கினார். படம் பின்னால் எங்கோ, யாராலோ அச்சாகும்; கையெழுத்துக்கான பணம் முன்னால் வந்துவிடும். 1974இல் அந்தோரா எல்லையில் பிரெஞ்சுச் சுங்கத்தார் ஒரு வண்டியை நிறுத்திப் பார்த்தபோது உள்ளே 40,000 வெற்றுத் தாள்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் டாலியின் கையெழுத்து. வெற்றுத் தாளில் தன் பெயரை எழுதுவது குற்றமாகாது. ஆனால் அந்த நாளுக்குப் பிறகு டாலியின் கையெழுத்து எதற்கும் சாட்சியாக நிற்கும் தகுதியை இழந்துவிட்டது. கையெழுத்து அசலாகவே இருந்தாலும் அதன் மேலுள்ள படத்தை அவர் பார்த்திருப்பார் என்பதற்கு உத்தரவாதமில்லை. ஒரு மாபெரும் ஓவியர் தன் பெயரின் மதிப்பைத் தானே இப்படிக் கரைத்தார் என்பதை என்னால் வருத்தமில்லாமல் எழுத முடியவில்லை. ‘மால்டொரோர்’ படங்களில் ஒவ்வொரு எலும்பையும் நுணுக்கமாக வரைந்தவர் அவர்.

பிறகு நடந்தவை நீதிமன்ற ஆவணங்களில் இருக்கின்றன. ஹொனலூலுவில் சுற்றுலாப் பயணிகளுக்கு டாலி அச்சுகளை விற்ற ஒரு கலைக்கூடத்தின் பொறுப்பாளர்கள் இருவரை 1990இல் அமெரிக்க நீதிமன்றம் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு, நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில் ஒரு பதிப்புக் குடும்பத்திடமிருந்து அமெரிக்க அஞ்சல் துறைப் புலனாய்வாளர்கள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட போலி அச்சுகளைக் கைப்பற்றினார்கள். அவற்றில் மிகப் பெரும்பகுதி டாலி. மிச்சத்தில் மிரோ, பிக்காசோ, ஷகால் பெயர்களும் இருந்தன. அந்த வேட்டைக்கு முன்பே விற்றுப்போனவை இன்றும் வீடுகளில் தொங்குகின்றன, ஏலங்களில் தலைகாட்டுகின்றன. பல சட்டங்களின் பின்புறம் அழகான சான்றிதழும் ஒட்டியிருக்கும். விற்பவரே எழுதிக் கொடுத்த சான்றிதழுக்கு அந்தக் காகிதத்தின் விலைகூடக் கிடையாது.

அப்படியானால் எதை நம்பி வாங்குவது? தாளை நம்பலாம். கையெழுத்து மாதிரி அது எளிதில் பொய் சொல்லாது.

பிரெஞ்சுப் பதிப்பு ரிவ் ஆலையின் பஞ்சுத் தாளில் அச்சானது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நீர்க்குறி தெரியும் தாள் உண்டு. ரிவ், ஆர்ஷ் ஆகிய இரண்டு தாள்களின் நீர்க்குறியிலும் 1980 முதல், எட்டைப் படுக்கவைத்தாற்போல் முடிவிலிக் குறி ஒன்று கூடுதலாக வந்தது. அதனால் அறுபதுகளின் தாள் என்று சொல்லி விற்கும் ஒன்றில் முடிவிலிக் குறி தெரிந்தால் மேற்கொண்டு பேச எதுவுமில்லை. குறி இல்லாததாலேயே அசல் என்று ஆகிவிடாது என்பதையும் நினைவில் வையுங்கள். பழைய வெற்றுத் தாள்களும் உலவின.

அடுத்து, பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ். கடிகாரம் பழுது பார்ப்பவர்களும் நகை பார்ப்பவர்களும் வைத்திருப்பது போதும். கட்டையில் அச்சான நிறம், மேலும் கீழுமாகப் படிந்த பட்டைகளாகத் தெரியும். ஆஃப்செட்டில் எடுத்த நகல், வாரப் பத்திரிகைப் படம் போலப் புள்ளி புள்ளியாக உடைந்துவிடும். இதைக் கற்றுக்கொள்ளப் பத்து நிமிடம் ஆகும். ஆயுளுக்கும் உதவும்.

மூன்றாவது, புத்தகம். நியூயார்க்கில் பள்ளி ஆசிரியராக இருந்த ஆல்பர்ட் ஃபீல்ட் என்பவர் டாலியின் அச்சோவியங்களைப் பட்டியலிடும் வேலையில் தன் வாழ்வின் பெரும்பகுதியைச் செலவிட்டார். 1996இல் வெளிவந்த அந்தப் பட்டியலில் எந்தப் படம் எந்த ஆண்டில், எந்தத் தாளில், எத்தனை பிரதி அச்சானது, எதைப் போலியாகச் செய்திருக்கிறார்கள் என்பதெல்லாம் இருக்கும். மிஹ்லர், லோப்ஸிங்கர் என்ற இரு ஜெர்மானியர்கள் 1994, 1995இல் கொண்டுவந்த இரண்டு தொகுதிகளும் இதே அளவு மதிப்புள்ளவை. விற்பவரிடம் இந்த நூல்களில் இந்தத் தாளின் எண் என்ன என்று கேளுங்கள். எந்தப் பதிப்பிலிருந்து பிரித்தது, பிரெஞ்சா இத்தாலியமா என்றும் கேளுங்கள். சட்டத்திலிருந்து கழற்றிய தாளின் முன்புறமும் பின்புறமும், நாலு ஓரமும் தெரியப் படம் அனுப்பச் சொல்லுங்கள். ஓரம் வெட்டியிருந்தால், அட்டையில் பசை போட்டு ஒட்டியிருந்தால், மதிப்பு பாதிக்குமேல் போய்விடும். நல்ல வியாபாரி இந்தக் கேள்விகளை விரும்புவார். தயங்குபவரிடம் வாங்க வேண்டியதில்லை.

டாலி வேண்டாம் என்பவர்களுக்கு இதே அளவு செலவில் இன்னொரு நல்ல வழி உண்டு. பாரிஸின் மாக் கலைக்கூடம் 1946 முதல் 1982 வரை ‘தெரியேர் ல மிருவார்’ என்ற பத்திரிகையை நடத்தியது. அதில் மிரோ அந்தப் பத்திரிகைக்கென்றே செய்த அசல் லித்தோகிராஃபுகள் இருக்கும். கையெழுத்து இல்லை, நடுவில் மடிப்புக்கோடு உண்டு, விலை குறைவு. பட்டியல் நூல்களில் முறையாகப் பதிவானவை. இன்னொரு சர்ரியலிச ஓவியரான மாக்ரித் விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. அவர் 1967இல் இறந்தார். அவருடைய புகழ்பெற்ற எண்ணெய் வண்ண ஓவியங்களை வைத்து அதன் பிறகு லித்தோகிராஃபுகள் பல அச்சாகியிருக்கின்றன. அழகாகவே இருக்கும். ஆனால் மாக்ரித் அவற்றைத் தொட்டதில்லை. அந்தத் தெளிவோடு வாங்கினால் ஏமாற்றமில்லை.

தாள் வீட்டுக்கு வந்த பிறகும் அதன் பயணம் முடிவதில்லை. நம் கடற்கரை ஊர்களின் ஈரக் காற்றில் பஞ்சுத் தாள் பூசணம் பிடிக்கும், பழுப்புப் புள்ளி விழும். தெருமுனைச் சட்டக் கடையில் வைக்கும் சாதாரண அட்டையில் அமிலம் இருக்கும். அது சில ஆண்டுகளில் படத்தைச் சுற்றிப் பழுப்புக் கட்டம் போட்டுவிடும். அமிலமற்ற அட்டை கேட்டு வாங்குங்கள். கண்ணாடி படத்தில் படாமல் இடைவெளி விடச் சொல்லுங்கள். மழைநீர் இறங்கும் வெளிச்சுவரிலும் சமையலறையை ஒட்டிய சுவரிலும் மாட்டாதீர்கள். நேர் வெயில் படும் இடமும் கூடாது. அறுபது ஆண்டு தாங்கி வந்த நிறத்தை நம் ஜன்னல் வெயில் வெகுசீக்கிரம் வெளுக்கவைத்துவிடும்.

முதல் தாள் வாங்கப் போகிறவர்களுக்கு என் யோசனை இது. ஒரே படம் இரண்டு தாள்களில் விற்பனைக்கு வந்து, ஒன்றில் பென்சில் கையெழுத்தும் மற்றொன்றில் புத்தகத்திலிருந்து பிரித்த முழு ஓரமும் இருந்தால், கையெழுத்து இல்லாததை வாங்குங்கள். மிச்சமாகும் பணத்தில் ஃபீல்டின் பட்டியலை வாங்கிவிடுங்கள். இரண்டாவது தாளுக்கு அது தேவைப்படும்.